ஒன்றாம் வகுப்பின் முதல் மாதம்: அழுகை, தூக்கம், எழுத்து

பனங்குருத்து | ஜூன் 3, 2025, இரவு

எல்லாருக்கும் வணக்கம். நேற்று பள்ளி திறந்தது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மகளை ஒன்றாம் வகுப்பு சேர்த்திருக்கிறோம். விழுப்புரம் பக்கம் கிராமம். மார்ச் மாதமே டீச்சர் வீடு தேடி வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். நேற்று வாசலில் பூவும் கல்கண்டும் கொடுத்து உள்ளே கூப்பிட்டார்கள், புத்தகமும் நோட்டும் அன்றே கைக்கு வந்தது. மகளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

இன்றுதான் கஷ்டம். கேட்டைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை. டீச்சர் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நான் ஜன்னல் பக்கமே ரொம்ப நேரம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை கூடிக்கொண்டே போனது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்தவன். இவள் வயதுதான். மூன்றெழுத்து, நான்கெழுத்து ஆங்கில வார்த்தைகளைக் கடகடவென்று எழுதுகிறான். இவள் அங்கன்வாடியில் இருந்தாள். பாட்டு தெரியும், நிறம் தெரியும், எழுதத் தெரியாது. இரண்டு நாளாகப் பள்ளியில் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். பாட்டு, களிமண், சாப்பாடு, தூக்கம், இவ்வளவுதான். இது சரியா? சாயந்திரம் டியூஷன் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை | ஜூன் 3, இரவு

தம்பி, முதலில் ஜன்னலை விட்டு வாருங்கள். நான் பல வருடமாக ஒன்றாம் வகுப்புதான் எடுக்கிறேன். ஜூன் மாதம் எனக்குப் பெரிய வேலை பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது இல்லை, பெற்றோரை அனுப்பி வைப்பதுதான். குழந்தை அழுது ஓய்ந்து, பக்கத்தில் இருப்பவளின் ரிப்பனைப் பார்க்க ஆரம்பிக்கிற நேரத்தில் அப்பா முகம் ஜன்னலில் தெரிந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனால், மறுநாள் கேட் வருவதற்கு முன்பே பிள்ளை காலை இறுக்கிக் கட்டிக்கொள்ளும். "மணி அடிச்சதும் இந்த வேப்பமரத்துக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அந்த வயதுக்கு அது பெரிய காலம். "அழுதா டீச்சர் அடிப்பாங்க" என்று யாரும் வீட்டில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. அதைவிட, என்னைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்?

இந்த வாரம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டால் பாதிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காது. வீட்டில் பாப்பா, குட்டி, அம்மு என்றே கூப்பிட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் தன் பெயர்தான் என்று அதற்கே தெரியாது. அதனால் சேர்க்கை அன்றே வீட்டுப் பெயரைக் கேட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். "அம்மு, எழுந்திரு" என்பேன், எழுந்ததும் பதிவேட்டுப் பெயரைச் சொல்வேன். "உள்ளேன் டீச்சர்" என்று தானாகச் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கழிப்பறை. வீட்டில் அம்மா அவிழ்த்துவிடுவார். இங்கே புதுக் கால்சட்டை, இறுக்கமான ஊக்கு, கயிறு. கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். பல பிள்ளைகள் காலையில் அழுவதற்குக் காரணமே அதுதான், அதற்குச் சொல்லத் தெரியாது. எலாஸ்டிக் வைத்த உடுப்பாக அனுப்புங்கள். "ஒன்னுக்கு வருது டீச்சர்" என்று சத்தமாகச் சொல்ல வீட்டில் பழக்குங்கள். தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திறக்க வருகிறதா என்று பாருங்கள். கோடையில் பாட்டில் நிறையத் தண்ணீரோடு மூடி திறக்க வராமல் தாகத்தோடு வீடு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செருப்பு விஷயமும் உண்டு. வாசலில் ஒரே மாதிரி அத்தனை ஜோடி. வாரில் ஒரு கலர் நூல் கட்டி அனுப்பினால் போதும், இடம் வலம் மாறாமல் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொள்ளும்.

இதெல்லாம் ஓரளவு சரியாகும் வரை நான் புத்தகம் திறப்பதில்லை. உங்கள் டீச்சர் செய்வது சரிதான்.

மாடிவீடு | ஜூன் 4, காலை

டீச்சர் சொல்வதில் மனிதத்தன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாயாக எனக்கு வேறு கருத்து இருக்கிறது. என் மகன் கோவையில் தனியார் பள்ளி. அங்கே முதல் நாளே அட்டவணை போட்டுப் பாடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மாதம் களிமண் உருட்டினால், அந்த இடைவெளியை யார் நிரப்புவது? வசதி இருக்கிறவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பார்கள். இல்லாதவர்கள்? பனங்குருத்து சாருடைய கவலை நியாயமானது. "பொறுமையாக இருங்கள்" என்று ஏழைப் பெற்றோருக்கு மட்டும் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

கரும்பலகை | ஜூன் 4, மதியம்

உறுத்த வேண்டிய விஷயம்தான் அம்மா. அதை நான் தள்ளிவிட மாட்டேன். தனியார் பள்ளிப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது ஏற்கெனவே இரண்டு வருடம் பள்ளியில் இருந்த பிள்ளை. எங்கள் பிள்ளைக்கு இதுதான் முதல் வருடம். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. வர வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் அந்தக் குறையை ஜூன் மாதத்தில் பிள்ளையின் விரலை ஒடித்துச் சரி செய்ய முடியாது. ஐந்து வயது முடிந்த பிள்ளையின் விரலுக்குப் பென்சில் பிடிக்கப் பலம் வர வேண்டும். களிமண் உருட்டுவது அதற்குத்தான். பாம்பு மாதிரி நீளமாக உருட்டி, அதையே வளைத்து வைத்தால் 'ட' வந்துவிடுகிறது. மணலில் விரலால் நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைந்த கோடு. தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக 'ப' எழுதிவிட்டு அதன் மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்வேன். எங்கே ஆரம்பிப்பது, எங்கே திரும்புவது என்று கைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நோட்டில் எழுதினால் ஒரு வாரத்தில் வரும். அதற்கு முன் எழுத வைத்தால் மூன்று மாதம் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் 'அ'-வில் ஆரம்பிப்பதில்லை. பிள்ளைக்கு எழுத ரொம்பக் கஷ்டமான எழுத்துகளில் அதுவும் ஒன்று. சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒரே எழுத்தில். ட, ப, ம என்று ஆரம்பித்தால் நேர்கோடுதான் அதிகம். இந்த மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். அட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்த செயல்வழிக் கற்றல் காலத்திலேயே இப்படித்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது அது. நான் அந்த முறையில் பயிற்சி எடுத்தவள். தானே ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை முகத்தைப் பார்த்தால் தெரியும், அதற்கு மேல் யாரும் விரட்டத் தேவையில்லை.

டியூஷன் வேண்டாம் தம்பி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வருடம் இந்த இரண்டு வகுப்புக்கும் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசும் சொன்னது. சாயந்திரம் அவளை விளையாட விடுங்கள், ராத்திரி ஒரு கதை சொல்லுங்கள்.

ஏரிக்கரை | ஜூன் 4, இரவு

தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் பள்ளியில் சேர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று யாரிடமும் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் சேர்க்கை, எட்டாவிட்டால் அடுத்த வருடம். எட்டியவனுக்கு வாத்தியாரே ஜூன் மாதத்துக்கு முன்னால் ஒரு பிறந்த தேதி எழுதிக்கொள்வார். எங்கள் தலைமுறையில் ஏப்ரல், மே, ஜூனில் பிறந்தவர்கள் அவ்வளவு பேர் இருப்பதற்கு அதுதான் காரணம். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் கரும்பலகைக்குக் கரித்தூளும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசுவோம். சிலேட்டுக்குக் கோவை இலை.

அந்தக் காலத்துப் பிள்ளையும் அழுதுகொண்டுதான் வந்தான். அவனைப் பள்ளியில் நிறுத்தியது மதியச் சாப்பாடு. 1956-ல் காமராசர் அதைக் கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். பசியோடு வந்து வாசலில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்தவன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பனங்குருத்து தம்பிக்கு ஒரு காரியம் சொல்கிறேன். இந்த மாதமே பள்ளிக்குப் போய், எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மகளின் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர், தலைப்பெழுத்து எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பதிவுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே போகும். ஓர் எழுத்து மாறியதற்காகப் பதினைந்து வயதில் அலுவலகம் அலுவலகமாக அலைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

செம்மண் | ஜூன் 5, இரவு

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எழுதத் துணிந்தேன். நான் புதிதாக வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியை. தர்மபுரி மாவட்டத்தில் ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 34 பிள்ளைகள், ஐந்து வகுப்பு. தலைமை ஆசிரியர் நான்கும் ஐந்தும் எடுக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. ஒரே அறை. புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரும் மாற்றி மாற்றி அழுகிறார்கள். ஒருத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டால் மூன்றாம் வகுப்பு மேஜை மேல் ஏறிவிடுகிறது. இன்று தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டார், ஐந்து வகுப்பும் என்னிடம். சாயந்திரம் குரலே இல்லை. இதை எப்படி நடத்துவது? பயிற்சி நிறுவனத்தில் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை.

ஏரிக்கரை | ஜூன் 5, இரவு

அம்மா, மனம் தளராதீர்கள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்களே தவிர, வகுப்பு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 34 பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதும் ஐந்து வகுப்பில் இருப்பதும் ஒன்றா? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று நாங்கள் பேசிப் பேசி ஓய்வும் பெற்றுவிட்டோம். நீங்கள் இளையவர்கள், விடாமல் கேளுங்கள்.

நொய்யல் | ஜூன் 6, காலை

செம்மண் டீச்சர், நான் திருப்பூரில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் நிலைமை வேறு, ஆனால் ஒரு வழி உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகள் நிறைய. ஒடியா பேசுவார்கள், இந்தி பேசுவார்கள். ஜூன் மாதம் அழும் பிள்ளைக்கு நான் சொல்லும் சமாதானம் ஒரு சொல்கூடப் புரியாது. போன வருடம் ஒரு பையன் இரண்டு நாள் மூலையிலேயே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஓர் ஒடியாச் சிறுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் அவனிடம் ஏதோ சொன்னாள், தன் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினாள், கையைப் பிடித்துக் குழாயடி வரை கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவன் டப்பாவைத் தன் கையில் வைத்திருந்தான். அதோடு அழுகை நின்றது. பிறகு அவளிடமே கேட்டு 'தண்ணி', 'வலிக்குது', 'வீடு' மாதிரிச் சொற்களை ஒடியாவில் நானும் கற்றுக்கொண்டேன்.

உங்களிடம் மூன்றாம் வகுப்பு இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் அதே தெருவிலிருந்து வரும் ஓர் அக்காவையோ அண்ணனையோ ஒப்படையுங்கள். காலையில் கூட்டி வருவது, தட்டு கழுவ உதவுவது, கழிப்பறைக்குத் துணை போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேஜை மேல் ஏறுகிறவனுக்குத்தான் முதல் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

கரும்பலகை | ஜூன் 6, இரவு

நொய்யல் சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு இன்னும் கொஞ்சம். மூன்று வகுப்புக்கும் மூன்று பாடம் நடத்தப் பார்க்காதீர்கள் செம்மண். காலை முதல் மணி மூன்று வகுப்பையும் தரையில் வட்டமாக உட்கார வைத்து ஒரே கதை, ஒரே பாட்டு. பிறகு அதே கதையிலிருந்து மூன்றாம் வகுப்பு இரண்டு வரி எழுதட்டும், இரண்டாம் வகுப்பு அதில் வரும் சொற்களைப் புத்தகத்தில் தேடட்டும், ஒன்றாம் வகுப்பு படம் வரையட்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதை நீங்கள் பயிற்சியில் பார்த்திருப்பீர்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் கொண்டுவந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்க்கச் சொல்கிறது. ஈராசிரியர் பள்ளிக்கு அந்தப் பார்வை ரொம்பப் பொருந்தும். அதற்கென்று கேட்கும் பதிவேற்றங்கள்தான் உயிரை வாங்குகின்றன, அதைப் பற்றித் தனி இழையே போடலாம்.

மதியம் சாப்பிட்டதும் ஒன்றாம் வகுப்பைப் பாய் விரித்துத் தூங்க விடுங்கள். யாராவது வந்து கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். அந்த நேரம்தான் இரண்டு, மூன்றாம் வகுப்போடு நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து வாசிக்க வைக்கும் நேரம்.

குரல் விஷயம்: கத்தாதீர்கள். கைதட்டல் ஒன்று பழக்குங்கள். நீங்கள் இரண்டு தட்டினால் அவர்கள் மூன்று தட்ட வேண்டும். அந்த மூன்றாவது தட்டில் அறை அடங்கும்.

அடுப்படி | ஜூன் 7, காலை

எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது. நான் மகளிர் குழுவில் இருந்து காலை உணவு சமைக்கிறேன். எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் இந்தத் திட்டம் வந்தது. என் பையனும் இதே பள்ளியில் நாலாவது படிக்கிறான். இருட்டோடு எழுந்து வந்து அடுப்பு மூட்டினால்தான் மணியடிப்பதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்க முடியும். பொங்கல், கிச்சடி, உப்புமா, கூட சாம்பார்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டிலேயே அரைகுறையாக ஊட்டிவிட்டு, மணியடிக்கிற நேரத்துக்குக் கொண்டுவந்து விடாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கே அனுப்புங்கள். புதுப் பிள்ளை நேராக வகுப்பறைக்குப் போனால் அழும். வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அழாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டே தானும் சாப்பிடும், அங்கேயே கூட்டாளி கிடைத்துவிடும். இந்த வாரம் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்தது, கிச்சடியில் கிடந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் அடுக்கியது. பக்கத்தில் இருந்தவன் "எனக்குத் தர்றியா?" என்று கேட்டான். இரண்டும் இப்போது ஒன்றாகவே திரிகின்றன.

காரம் பழகாத பிள்ளை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாம்பார் ஊற்றாமல் கொடுப்போம். தானே பிசைந்து சாப்பிட வீட்டில் பழக்கினால் எங்களுக்குப் பெரிய உதவி.

மாடிவீடு | ஜூன் 7, மதியம்

அடுப்படி அக்கா எழுதியதை என் மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். என் மகன் பள்ளியில் டிபன் டப்பாவைத் திறந்து பத்து நிமிடத்தில் மூட வேண்டும். பக்கத்தில் இருப்பவனோடு பகிரக் கூடாது என்று விதி. நான் முன்பு சொன்ன கருத்தில் ஒரு பகுதியில் இப்போதும் நிற்கிறேன்: எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வேண்டும், அதற்குத் தனி ஆசிரியர் வேண்டும். ஆனால் ஜூன் மாதத்திலேயே எழுத வைக்க வேண்டுமா என்பதில் கரும்பலகை டீச்சர் சொல்வதுதான் சரி என்று படுகிறது. என் மகனுக்கு எல்.கே.ஜி.யிலேயே எழுத்து வந்தது. நோட்டை எடுத்தாலே முகம் சுருங்குவதும் அப்போதுதான் ஆரம்பித்தது.

பனங்குருத்து | ஜூன் 15, இரவு

எல்லாருக்கும் நன்றி. ஜன்னல் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். காலை உணவுக்கு முன்பே கொண்டுபோய் விடுகிறேன். மணியடிக்கும்போது மரத்தடியில் நிற்கிறேன். ஐந்தாம் வகுப்பில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளோடு கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். திங்கட்கிழமை மட்டும் இன்னும் அழுகிறாள். டியூஷன் பேச்சு அடங்கிவிட்டது.

ஏரிக்கரை ஐயா சொன்னபடி எமிஸ் பதிவைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இதைத் திருத்த என்ன கொண்டுபோக வேண்டும்? அவளுக்கு ஆதார் இன்னும் எடுக்கவில்லை. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

ஏரிக்கரை | ஜூன் 16, காலை

பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று, உங்கள் கைப்பட ஒரு விண்ணப்பம், இரண்டையும் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கேளுங்கள். சான்றிதழிலேயே தவறு இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு வாருங்கள். ஆதார் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் பின்னால் உதவித்தொகைக்கு, வங்கிக் கணக்குக்குக் கேட்பார்கள், அதனால் சாவகாசமாக எடுத்து வையுங்கள். எடுக்கும்போது பெயரின் எழுத்து மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

செம்மண் | ஜூன் 16, இரவு

கைதட்டல் வேலை செய்கிறது டீச்சர். மேஜை மேல் ஏறியவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அண்ணன். ஒரு சந்தேகம்: ஐந்து பேரில் நான்கு பேர் களிமண், மணல் எல்லாம் தொடுகிறார்கள். ஒருத்தி மட்டும் கையை மடக்கிக்கொள்கிறாள், கை அழுக்காவது பிடிக்கவில்லை போல. அவளுக்கு வேறு என்ன கொடுக்கலாம்?

கரும்பலகை | ஜூன் 16, இரவு

கட்டாயப்படுத்தாதீர்கள். ஈரம் இல்லாத பொருளாகக் கொடுத்துப் பாருங்கள். தட்டில் அரிசி, ரவை, இல்லாவிட்டால் புளியங்கொட்டை. கம்பளி நூலை 'ப' மாதிரி வளைத்து வைக்கச் சொல்லலாம். சட்டைப் பொத்தான் போடுவது, மணி கோப்பது, இலையைக் கிழிப்பது எல்லாம் விரலுக்கு அதே வேலைதான். மற்றவர்கள் களிமண் செய்யும்போது அவளையும் அங்கேயே உட்கார வையுங்கள், பார்த்துக்கொண்டிருக்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால், வீட்டில் சோறு பிசைகிறாளா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.